விழுந்த பிறகுதான் விளையாட்டு

எங்கள் லேர் ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்கள் வாய்விட்டுச் சிரித்தால், பாதிப் பேர் வாயில் வீப்கே தம்மனின் கைவேலை தெரியும். தெரிந்து என்ன பயன்? அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பதினேழு வயதில் பல் செய்யும் லேபில் சேர்ந்தவள், ஐம்பத்தொன்று ஆகியும் அதே ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து கேப், பிரிட்ஜ், பல்செட் என்று செய்துகொண்டே இருக்கிறாள். வாயின் சொந்தக்காரர் யாரும் அவளைப் பார்த்ததில்லை. டாக்டரிடமிருந்து வாயின் அச்சு வரும், பல் போகும், அவ்வளவுதான்.

ஆனாலும் சின்ன ஊர் பாருங்கள். ஒரு சனிக்கிழமை சந்தையில் மீன் வாங்க நின்றாள். மீன்காரம்மா புதுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது பல். அசல் மாதிரியே இருக்கட்டும் என்று அதன் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கீற்று ஒன்று வைத்துச் சுட்டவள் இவள். நிறம் ஒத்துவராமல் மூன்று தடவை திருப்பிச் செய்த பல் அது.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? பல்லையா? எங்க டாக்டர் செஞ்சது. மனுசனுக்குக் கையா அது, தங்கம்!" என்றார் மீன்காரம்மா.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வீப்கே நாலு ஹெர்ரிங் மீன் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் வயிறு எரிந்தது. டாக்டர் மேல் கோபமில்லை, அவர் நல்ல மனிதர். உலகத்தில் ஏதாவது ஒரு பொருளின் மேல், தன் பெயர், தன் பெயர் மட்டும், ஒரே ஒரு தடவை அச்சாக வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள். கேட்டது சைக்கிள் கூடையில் கிடந்த மீன்கள்தாம்.

அந்தப் பொருள் என்னவாக இருக்கும் என்பது ஒரு வியாழக்கிழமை தேநீர் வேளையில் தானாக வந்து விழுந்தது. எங்கள் பக்கத்தில் தேநீர் என்றால் மூன்று கோப்பை. சூடு பட்டுக் கோப்பையில் கற்கண்டு சடசடக்க வேண்டும், மேலே விட்ட பாலாடையைக் கலக்கக்கூடாது, மூன்றுக்குக் குறைந்து எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். வேலைக்கு நடுவில் மூன்று கோப்பை என்றால் கை சும்மா இருக்குமா? ஹவுகே, பல் செய்யும் பிசினான ரெசினில் கழித்துப்போட்ட துண்டுகளை எடுத்துக் கவிழ்த்த கோப்பையின் மேல் அடுக்க ஆரம்பித்தான். ஹவுகே அவளோடு ஒரே வருஷம் வேலை கற்றவன், முப்பத்து நாலு வருஷமாக எதிர் மேசை, வாய் நீளம். எதிரே இருந்த தோம்மா, முப்பது வயதுப் பெண், போட்டிக்கு ஒன்று வைத்தாள். முதலாளி ஐலர்ட், வருஷத்துக்கு நாற்பது வார்த்தை பேசுகிற மனிதர், அவரும் பேசாமல் ஒன்று வைத்தார். கோபுரம் ஆடியது. நாலு பேருக்கும் மூச்சு நின்றது. வீப்கேக்குப் பொறி தட்டியது.

இந்த நாட்டில் மேசை விளையாட்டு என்றால் பிள்ளைகள் சமாச்சாரம் மட்டும் கிடையாது. மழைக்காலம் எட்டு மாதம். பெரியவர்களும் உட்கார்ந்து ஆடுகிறார்கள். அந்தப் பெட்டிகளின் மேல், புத்தகத்தில் எழுதியவர் பெயர் போடுகிற மாதிரி, விளையாட்டை உண்டாக்கியவர் பெயரைப் பெரிதாகப் போடுகிறார்கள். வீப்கேயின் வீட்டு அலமாரியில் அப்படி முப்பது பெட்டிகள் இருந்தன. முப்பதிலும் யார் யார் பெயரோ.

இரண்டு வருஷம் ஆயிற்று அதைச் செய்ய. நடுவில் தட்டு அளவு மரவட்டம் ஒன்று. அதன் அடியில் அரைப் பந்து, தொட்டால் ஆடும். ஆளுக்குப் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் கடைவாய்ப் பல் மாதிரி இரண்டு மேடு, இரண்டு பள்ளம். உன் முறை, என் முறை என்ற பேச்சே இல்லை. நாலு பேரும் ஒரே சமயத்தில், ஒரே கையால், ஆடுகிற வட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். கையை முதலில் காலி செய்தவர் ஜெயித்தார். யார் கை பட்டுச் சரிந்ததோ அவர் விழுந்ததை எல்லாம் தன் பக்கம் வாரிக்கொள்ள வேண்டும். மொத்தம் மூன்று நிமிஷ ஆட்டம்.

லேபில் ஆட்டம் களைகட்டியது. முப்பத்தெட்டு துண்டு வரை ஏற்றினார்கள். ஹவுகே மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கி பிடிக்கும் விரலால் ஒரு துண்டை நுனியில் நிறுத்தும்போது தோம்மா "ஐயோ ஐயோ ஐயோ" என்று அலறுவாள். ஐலர்ட்கூட ஒரு நாள் "நல்லா இருக்கு" என்றார். அவர் நாற்பது வார்த்தையில் இரண்டு போனது என்றால் சும்மாவா?

"வீப்கே, நீ பெரிய ஆளாகப் போற. அப்புறம் எங்களை எல்லாம் கண்டுக்க மாட்ட" என்றான் ஹவுகே.

"இப்பவே உன்னைக் கண்டுக்கிறதில்லையே. புதுசா என்ன?"

ஜூன் மாதம் தெற்கே ஒரு ஊரில் விளையாட்டு உண்டாக்குகிறவர்கள் எல்லாம் கூடுவார்கள். ஒரு பெரிய மண்டபம், ஆளுக்கு அரை மேசை, கழுத்தில் பெயர் அட்டை. விளையாட்டுப் பெட்டிகளை வெளியிடும் கம்பெனிகளின் தேர்வாளர்கள் மேசை மேசையாக வந்து உட்கார்ந்து ஆடிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு: ஆடும்போது உண்டாக்கியவர் வாயைத் திறக்கக்கூடாது. விதி எழுதிய தாள்தான் பேச வேண்டும். பின்னே, கடையில் வாங்குகிறவர் வீட்டுக்கெல்லாம் நீங்கள் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

வீப்கே மேசைக்கு வந்தது ஸிபில்லே ஓர்ட் என்ற அம்மாள். நாற்பத்தைந்து வயது, நரைத்த குட்டை முடி, அவர் பார்த்துத் தேர்ந்த பெட்டிகள் நாடு முழுக்கக் கடைகளில் இருக்கின்றன. பக்கத்து மேசையிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டு உட்கார்த்தினார். தாளைப் படித்தார். ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது துண்டில் சரிந்தது. போட்டவர் ஒரு கணக்கு வாத்தியார். "மன்னிக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு வாரினார். மறுபடி ஆரம்பித்தார்கள், நாலாவதில் சரிந்தது. மறுபடியும் வாத்தியார்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது மனிதருக்கு. மறுபடி இரண்டாவதில். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் அலறவில்லை. வீப்கே தன் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லேபில் கூரையைப் பிய்த்த விளையாட்டு இங்கே சாவு வீடு மாதிரிக் கிடந்தது. ஏன்?

பத்து நிமிஷத்தில் ஓர்ட் அம்மாள் துண்டை வைத்துவிட்டார். "இதை யாரோட விளையாடிப் பாத்தீங்க?"

"கூட வேலை செய்றவங்களோட. ரெண்டு வருஷமா."

"என்ன வேலை?"

"பல் செய்றோம்."

ஓர்ட் அம்மாள் ஒரு துண்டைக் கண்ணுக்கு அருகே தூக்கிப் பார்த்தார். அப்புறம் வீப்கேயின் விரல்களைப் பார்த்தார். "நாலு பேருமேவா?"

"நாலு பேரும்."

சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நிறுத்தினார். "அடக் கடவுளே! மயிரிழை இடைவெளியப் பாத்துப் பாத்துப் பல்லு உக்கார வைக்கிற நாலு பேர் விளையாடிட்டு, எல்லாருக்கும் வரும்னு நெனச்சிட்டீங்களா? எங்கிட்ட ஒரு தடவை கடிகாரம் ரிப்பேர் பண்றவர் வந்தாரு, இதே கதை. ஆனா அவராவது தனி ஆளு."

வீப்கேக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே நிலைமை தலைகீழ். ஆடத் தெரிந்த நாலு பேர் கூடத்தைத் தங்களுக்கு ஏற்ற மாதிரிக் கட்டிவைத்துவிட்டார்கள்.

"ஆனா உள்ள என்னவோ இருக்கு" என்றார் ஓர்ட் அம்மாள். "எல்லாரும் ஒரே நேரத்துல கைய விடறது நல்லா இருக்கு. அடுத்த வருஷப் பட்டியல்ல சின்னப் பெட்டி ஒண்ணுக்கு இடம் வெச்சிருக்கேன். செப்டம்பர் பத்து வரைக்கும் காத்திருப்பேன். சாதாரணக் கைக்கு ஒரு விளையாட்டாக் கொண்டாங்க."

வீப்கேயிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அழுவதை விட அவளுக்கு ஆராய்வது பிடிக்கும். ரயிலில் வரும்போதே ஒரு நோட்டில் எழுதினாள்: "ஏன் யாரும் சிரிக்கவில்லை?" அந்தக் கேள்வியோடு ஜூலை முழுக்க லேரைச் சுற்றினாள். துண்டுகளைப் பெரிதாக்கினாள், மேற்புறத்தைச் சொரசொரப்பாக்கினாள், அடியிலிருந்த அரைப் பந்தைத் தட்டையாக்கினாள். பேக்கரிப் பெண்களோடு ஆடினாள், தேவாலயப் பாட்டுக் குழுவோடு ஆடினாள், ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களோடு ஆடினாள். இப்போது பத்துப் பன்னிரண்டு துண்டு ஏறியது. அப்படியும் சிரிப்பு வரவில்லை.

அவள் ஆட்டத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஆடுகிறவர்களின் கண்ணைப் பார்க்க ஆரம்பித்தாள். அங்கே பிடிபட்டது ஒரு சங்கதி. கோபுரம் சரிந்ததும் யாரும் கோபுரத்தைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் போட்டவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். போட்டவர் மேசையைப் பார்த்தார். தீயணைப்புத் தொண்டர்களில் ஒருவன், எரியும் கொட்டகைக்குள் அஞ்சாமல் போகிறவன், நான்கு ரெசின் துண்டு விழுந்ததற்குக் கழுத்து வரை சிவந்தான். லேபில் இதை அவள் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்? அங்கேதான் எதுவும் விழுவதில்லையே. விழுந்த பிறகு என்ன நடக்கும் என்று இரண்டு வருஷமாக ஒரு தடவைகூட யோசிக்காமல் விட்டிருக்கிறாள்.

நோட்டில் எழுதினாள்: "விழுந்தால் வெட்கம். வெட்கத்தை என்ன செய்வது?" அதற்கு மேல் ஒன்றும் எழுத வரவில்லை. ஆகஸ்ட் பாதி போய்விட்டது. அந்தப் பெட்டியும் பெயரும் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தன.

அப்போதுதான் தோம்மா விடுப்பில் போனாள். வியாழக்கிழமைத் தேநீருக்கு நாலாவது ஆள் இல்லை. கதவருகே கோப்பையும் கையுமாக நின்றிருந்தான் ஃபெர்ஹாத்.

ஃபெர்ஹாத் அக்புலுட், டாக்டர்களிடமிருந்து அச்சுகளை லேபுக்கும், லேபிலிருந்து பற்களை டாக்டர்களுக்கும் வேனில் கொண்டுபோகிறவன். நாற்பத்தொரு வயது, இரண்டு பெண் குழந்தைகள். பக்கத்து எம்டன் ஊர்க்காரன். தமிழில் எம்டன் என்று சொன்னால் மகா கில்லாடி என்று பொருள். இவன் கையிலோ ஒன்றும் நிற்காது. கதவைத் திறந்தால் கைப்பிடி வரும், கோப்பையை வைத்தால் கரண்டி விழும். சேர்ந்த முதல் மாதமே முழங்கையால் ஒரு அச்சுத் தட்டைச் சாய்த்ததிலிருந்து, மேசைக்கு இரண்டடி தள்ளித்தான் அவனுக்கு இடம் என்று ஹவுகே விதித்துவிட்டான்.

"ஃபெர்ஹாத், வா. உக்காரு" என்றாள் வீப்கே.

"நானா? அக்கா, விளையாடாதீங்க."

"விளையாடத்தான் கூப்பிடறேன்."

"ஏ வீப்கே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றான் ஹவுகே. "அவன் மூச்சு விட்டாலே விழுமே!"

"அதனாலதான்டா கூப்பிடறேன். உன்னை மாதிரி ஆளுங்களை வெச்சுப் பாத்துதான் நான் நடுச்சபையில அசிங்கப்பட்டேன்."

ஃபெர்ஹாத் உட்கார்ந்தான். ஆரம்பித்தார்கள். ஹவுகே வைத்தான், ஐலர்ட் வைத்தார், வீப்கே வைத்தாள். ஆறு ஏறியது, ஒன்பது ஏறியது. ஃபெர்ஹாத் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு தன் முதல் துண்டை வைத்தான். எல்லாம் சரிந்தது.

இங்கே லேபின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஐலர்ட் பேசாத மனிதர்தான், ஆனால் ஒரு விதி வைத்திருக்கிறார், ஒன்றே ஒன்று. கையிலிருந்து எது கீழே விழுந்தாலும், போட்டவர் அந்த நொடியே "நான்தான்!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் விழுந்த பல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். மறைத்து அனுப்பினால் இரண்டு வாரத்தில் யாரோ ஒருவர் ரொட்டியைக் கடிக்கும்போது அது வாயில் உடையும். சொன்னவருக்குத் திட்டு கிடையாது. மறைத்தவருக்கு மறுநாள் வேலை கிடையாது. மற்றவர்களுக்கு இந்த விதி வருஷத்துக்கு ஒரு தடவை பயன்பட்டால் அதிகம். ஃபெர்ஹாத்துக்கு வாரத்துக்கு மூன்று தடவை.

ஆகவே கோபுரம் சரிந்த நொடியில், அவனுக்கே தெரியாமல், தொண்டை கிழியக் கத்தினான்: "நான்தான்! நான்தான் போட்டேன்!" கத்திக்கொண்டே, உருளுகிறதையெல்லாம் யாரும் மிதித்துவிடுவதற்கு முன் பொறுக்கி எடுக்க மேசையின் மேல் பாய்ந்தான். முப்பத்து நாலு வருஷப் பழக்கத்தில் ஹவுகேயும் பாய்ந்தான். ஐலர்டும் பாய்ந்தார். இரண்டு தலை முட்டிக்கொண்டன. ஒரு துண்டு மேல் மூன்று கை.

"விடுடா, இது எனக்குக் கெடச்சது!"

"அண்ணே, போட்டது நானு! பொறுக்க வேண்டியதும் நானு!"

"நீ போட்டா? உனக்கு மட்டும் எழுதி வெச்சிருக்கா?"

ஐலர்ட் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பை அந்த லேபில் அதுவரை யாரும் கேட்டதில்லை. நல்ல கனத்த சிரிப்பு. வீப்கே மட்டும் அசையாமல் உட்கார்ந்து மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவரும் ஃபெர்ஹாத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபெர்ஹாத் மேசையைக் குனிந்து பார்க்கவில்லை. வெட்கப்பட யாருக்கும் நேரமே இல்லை.

"மறுபடி போடு" என்றாள்.

"என்னக்கா?"

"மறுபடி கீழ போடு. அதே மாதிரி கத்து."

அன்றைக்கு லேபில் ஒரு பல்லும் செய்யப்படவில்லை. ஒரே மாலைக்குள் விளையாட்டு தலைகீழாகப் புரண்டது. விழுந்ததை வாருவது தண்டனை என்றிருந்தது. இப்போது அதுதான் பரிசு. சரிந்ததும் போட்டவர் "நான்தான்!" என்று கத்த வேண்டும். கத்தல் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் கையை நீட்டலாம். சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவனுக்கு முதல் பாய்ச்சல். தயங்கினால் எல்லாரும் அவனுக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். யார் அதிகம் பொறுக்கினாரோ அவர் ஜெயித்தார்.

"அப்ப நான் வேணும்னே தள்ளிவிட்டுக் கத்துவேன்" என்றான் ஹவுகே.

"ரெண்டு துண்டு இருக்கும்போது தள்ளினா உனக்கு என்ன கெடைக்கும்? ரெண்டு துண்டுதான். பெருசா ஏறணும்னு நீயே காத்திருப்ப."

"இருபது ஏறினதும் தள்ளினா?"

வீப்கே யோசித்தாள். பதில் ஃபெர்ஹாத்திடமிருந்து வந்தது. "போட்டவன் இடது கையால பொறுக்கட்டும் அக்கா, அப்ப யாரும் வேணும்னே தள்ள மாட்டாங்க. நான் போடும்போதெல்லாம் வலது கையில வேற ஏதாவது இருக்கும், அதனால எப்பவும் இடது கையாலதான் பொறுக்குவேன்."

"போடாதவன் பொய்யாக் கத்தினா?" ஹவுகே விடுவதாக இல்லை.

"கத்தட்டும். அவனுக்கும் இடது கைதான்" என்றாள் வீப்கே.

அடுத்த வாரம் தீயணைப்பு நிலையத்தில் வைத்துப் பார்த்தாள். கழுத்து வரை சிவந்தானே, அதே தொண்டன், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து "நான்தான்!" என்று கத்தியதில் வெளியே நாய் குரைத்தது. பக்கத்திலிருந்தவன் "பொய்! நான்தான் போட்டேன்!" என்று சண்டைக்கு வந்தான். பழியை ஏற்றுக்கொள்ள மனிதர்கள் அடித்துக்கொள்வதை அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தாள். நோட்டை மூடி வைத்தாள்.

செப்டம்பர் எட்டாம் தேதி ஓர்ட் அம்மாளின் அலுவலகத்தில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். வீப்கே வாயைத் திறக்கவில்லை. பதினேழாவது துண்டில் சரித்தது ஓர்ட் அம்மாளேதான். "நான்தான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் அடுத்த அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆறு ஆட்டம் ஆடினார்கள். ஆறாவது முடிந்ததும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "இது பெட்டியா வரும். அடுத்த வசந்தத்துல வரும். இந்தக் கத்தல் எங்கிருந்து புடிச்சீங்க? உயிரே அதுலதான் இருக்கு."

"எங்க லேப்ல ஒரு பழக்கம்" என்றாள் வீப்கே.

"பெட்டி மேல உண்டாக்கினது யாருன்னு போடறது?"

"வீப்கே தம்மன்."

"ஒரு பேருதானா?"

"ஒண்ணுதான்."

சொல்லும்போது நாக்கு தடுக்கவில்லை, கன்னம் சூடாகவில்லை. ஏன் ஆகணும்? இரண்டு வருஷ உழைப்பு யாருடையது? அந்த ஆடுகிற வட்டம், அந்தத் துண்டு, அந்த நோட்டு? ஃபெர்ஹாத் செய்தது என்ன, கீழே போட்டான். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் பெயரைக் கண்ணாடியில் விரலால் எழுதிப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. வழியில் பிரேமன் ஸ்டேஷன் தாண்டும்வரை முழுசாக இருந்தது. அதற்கப்புறம் என்னவோ உறுத்த ஆரம்பித்தது. பசி என்று நினைத்து ஒரு ரொட்டி தின்றாள். ரொட்டியால் அது போகவில்லை.

லேபில் எல்லாரும் கைதட்டினார்கள். ஃபெர்ஹாத் தன் மனைவி எண்ணெயில் பொரித்த ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தான். வழியில் பதினோரு டாக்டர்களிடமும் "எங்க வீப்கே அக்கா விளையாட்டு பெட்டியில வருது, அக்கா பேரு போட்டு வருது" என்று சொல்லிவிட்டே வந்திருக்கிறான். சொல்லச் சொல்ல அவன் முகம் பளபளத்தது. வீப்கே அந்த ரொட்டியைக் கடிக்காமல் தட்டிலேயே வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஓர்ட் அம்மாள் பெட்டியின் மேல்மூடிப் படத்தை அனுப்பியிருந்தார். மதியத்துக்குள் சரி என்று சொன்னால் அச்சுக்குப் போய்விடும். சிவப்புப் பின்னணி, சரிகிற கோபுரம், நாலு பக்கமும் பாய்கிற கைகள், மேலே பெரிய எழுத்தில் "நான்தான்!", அதன் கீழே வீப்கே தம்மன். அழகாக இருந்தது, சொல்லக்கூடாது, கொள்ளை அழகு. ஹவுகே, தோம்மா, ஐலர்ட் எல்லாரும் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். அச்சு டப்பாக்களோடு வந்த ஃபெர்ஹாத், வழக்கமான இரண்டடி தள்ளி நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"ஏ அப்பா! ஜோரா இருக்குக்கா" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கினான். "அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

"என்ன?"

"இதுல நானும் ஒரு நாள் விளையாடினேன்னு எம் பொண்ணுங்ககிட்ட சொல்லிக்கலாமா? பெரியவ நம்ப மாட்டா. நீங்க சரின்னு சொன்னா சொல்லுவேன்."

தன் சொந்தப் பெண்களிடம் சொல்வதற்கு அவன் அனுமதி கேட்கிறான். கேட்பது யாரிடம்? சந்தையில் நாலு மீனை வாங்கிக்கொண்டு வயிறெரிய வீட்டுக்கு வந்தவளிடம். வீப்கேக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. டாக்டராவது தெரியாமல் செய்தார். இவள் தெரிந்தே செய்திருக்கிறாள்.

போனை எடுத்தாள். எல்லார் முன்னாலும், அங்கேயே நின்றுகொண்டு. "ஓர்ட் அம்மா, நான் வீப்கே தம்மன். பெட்டியில ரெண்டு பேரு. ஒப்பந்தத்துலயும் ரெண்டு பேரு. ஃபெர்ஹாத் அக்புலுட். எழுத்து எழுத்தாச் சொல்றேன், எழுதிக்கோங்க."

"அக்கா!" ஃபெர்ஹாத் பதறிப்போனான். டப்பா ஒன்று நழுவியது. "நான்தான்!" என்று கத்திவிட்டுக் குனிந்து எடுத்தான். "எம் பேரு எதுக்குக்கா? நான் கீழ போட்டதைத் தவிர ஒண்ணும் பண்ணலியே!"

"அதுதான்டா விளையாட்டு. பேசாம இரு" என்றாள் வீப்கே, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

போனில் ஓர்ட் அம்மாள் பெயரை எழுதிக்கொண்டார். ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "சரி, செஞ்சிடலாம். ஆனா ஒண்ணு சொல்லணும். ரெண்டு பேரு வந்தா நாங்க அகர வரிசையிலதான் போடறது, எல்லாப் பெட்டியிலயும் அப்படித்தான். அக்புலுட் மேல வரும், தம்மன் கீழ வரும். கடையில விலைச் சீட்டு ஒட்டும்போது கீழ்ப் பேரு மறைஞ்சு முதல் பேரு மட்டும்தான் தெரியும், முன்கூட்டியே சொல்லிடறேன். பரவாயில்லையா?"

வீப்கே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஃபெர்ஹாத்தின் வேன் கோணலாக நின்றிருந்தது. முப்பத்து நாலு வருஷம். ஒரே ஒரு தடவை. அதுவும் இரண்டாவதாக, சீட்டுக்கு அடியில்.

"பரவாயில்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "வலிக்குது. அப்படியே போடுங்க."